வீடு நகரவில்லை, எல்லை நகர்ந்தது

(சாமராஜநகரில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று பேசிப் பழகிய நாம், இன்று ஒரு பழைய வீட்டின் வரலாற்றைத் தேடுவது எப்படி என்று பேச வந்திருக்கிறோம். 'வாடகை கொடுக்கவே வழியில்லாதவனுக்கு வீட்டு வரலாறு எதற்கு?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் திருப்பிக் கேட்கிறோம். 'நீ எந்த ஊர்க்காரன்? எப்போது வந்தாய்? இந்த வீடு உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?' இந்த மூன்று கேள்விகளையும் ஒரு முறையாவது எதிர்கொள்ளாத குடும்பம் இந்தக் கூட்டத்தில் இருக்கிறதா? கைதூக்கச் சொன்னால் ஒரு கையும் எழாது.

இந்த மூன்றும் வரலாற்றுக் கேள்விகள். இவற்றுக்குப் பதில் தெரியாதவன் அலுவலக வாசலில் தலைகுனிந்து நிற்கிறான். பதில் தெரிந்தவன் நிமிர்ந்து நிற்கிறான். ஆகவேதான் வரலாற்றை ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் விட்டுவைக்க நாம் தயாராக இல்லை.

அரசன் பிறந்த வீடு

முதலில் நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். சாமராஜநகர் என்ற பெயர் 1818-இல் வந்தது. அதற்கு முன் இந்த ஊருக்கு அரிகுட்டாரா என்று பெயர். மைசூர் அரசர் ஒன்பதாம் சாமராஜ உடையார் 1774-இல் இங்கே பிறந்தார். அவருடைய மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தந்தையின் பெயரை ஊருக்கு வைத்தார். சாமராஜேஸ்வரர் கோயிலைக் கட்டினார். தந்தை பிறந்த இடத்தில் ஜனன மண்டபம் எழுப்பினார். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பிறந்ததற்காக ஓர் ஊரின் பெயரே மாறியது!

ஆனால் அதே அரச குடும்பத்தின் இன்னொரு வீட்டையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1796-இல் சாமராஜ உடையார் இறந்தபோது திப்பு சுல்தான் அடுத்த அரசரை அமர்த்தவில்லை. குடும்பம் அரண்மனையை விட்டு வெளியேற நேர்ந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு கும்பினிக்காரர்கள் வந்து பார்த்தபோது, ஐந்து வயதுக் கிருஷ்ணராஜர் ஓர் எளிய வீட்டில் வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு எந்த மண்டபமும் இல்லை. பிறந்த வீட்டை உலகத்துக்குக் காட்டுகிறார்கள். ஒண்டியிருந்த வீட்டை மறந்துவிடுகிறார்கள். அரசனுக்கே இதுதான் நிலை என்றால், ஒண்டிக் குடித்தனமே வாழ்க்கையாகிப்போன நம்முடைய வீடுகளை யார் எழுதி வைப்பார்கள்? நாம் எழுதினால்தான் உண்டு.

கலைஞன் பிறந்த வீடு

அரண்மனையை விட்டு, நம் சாதி சனத்துக்குப் பக்கத்தில் வருவோம். சாமராஜநகரிலிருந்து தெற்கே போனால் தாளவாடி. அதையொட்டி தொட்டகாஜனூர் என்ற கிராமம். கன்னடத் திரையுலகின் தலைமகனாகப் போற்றப்படும் டாக்டர் ராஜ்குமார் 1929 ஏப்ரல் 24 அன்று அந்த ஊரில் ஓர் ஓட்டு வீட்டில் பிறந்தார். அந்த வீடு இன்றைக்கு எந்த மாநிலத்தில் இருக்கிறது? தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டத்தில்.

ஒரு வீட்டின் வரலாற்றைத் தேடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'யார் கட்டியது?' என்பதாக இருக்க வேண்டியதில்லை. 'எந்த ஆண்டில் இந்த வீடு எந்தத் தாலுகா, எந்த மாவட்டம், எந்த அரசாங்கம்?' என்று முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுப் பாருங்கள். ராஜ்குமார் பிறந்த நாளில் காஜனூர் சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் மாவட்டம். 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1979-இல் கோயமுத்தூரைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் என்றார்கள். பிறகு அது ஈரோடு மாவட்டம். 2016-இல் தாளவாடி தனித் தாலுகா. ஒரே வீடு, ஓடும் மாறவில்லை, திண்ணையும் நகரவில்லை. மேலே எழுதிய முகவரி மட்டும் எத்தனை முறை மாறியிருக்கிறது பாருங்கள்.

அடுத்து அவருடைய பெயரைக் கவனியுங்கள். சிங்காநல்லூரு புட்டசாமய்யா முத்துராஜு. இதில் முதலாவது ஊர், இரண்டாவது தகப்பனார், மூன்றாவதுதான் பிள்ளையின் சொந்தப் பெயர். தகப்பனாரின் சிங்காநல்லூர் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்தது. பிள்ளை பிறந்த காஜனூர் தாளவாடிப் பக்கம். 1929-இல் இரண்டுமே கோயமுத்தூர் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. தாளவாடி சென்னை மாநிலத்திலேயே தங்கிற்று. தகப்பன் ஊர் அந்தப் பக்கம், பிறந்த ஊர் இந்தப் பக்கம். ஒரே குடும்பத்தின் நடுவே கோடு போட்டார்கள்.

இன்னொன்று. கன்னடப் படங்கள் பெரும்பாலும் சென்னையில் தயாரான காலம் அது. நாடகக் கலைஞரின் மகனான முத்துராஜு, 1954-இல் 'பேடர கண்ணப்பா' மூலம் கதாநாயகனான பிறகு, தொழிலுக்காகப் பல்லாண்டுகள் சென்னையில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருடைய பிள்ளைகள் சென்னையில் பிறந்தவர்கள். ஆக, வேலை இருக்கும் இடம் தேடிக் குடிபெயர்வது நமக்கு மட்டும் நேர்ந்த தலைவிதி அல்ல. பின்னாளில் 1982-இல் கன்னட மொழிக்கான கோகாக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய அந்தப் பெரிய கலைஞரும் நம்மைப் போல் பெட்டி கட்டி ஊர் விட்டு ஊர் போனவர்தான்.

கோட்டின் மறுபக்கம் இன்னொரு வீடு

இப்போது மலையின் மறுபக்கம் போவோம். மாதேஸ்வரன் மலைக்கு அப்பால், காவிரிக்கு அருகில், கோபிநத்தம் என்ற ஊர். மக்கள் பேசுவது தமிழ். ஊரில் மாரியம்மன் கோயில். 1956-இல் கொள்ளேகாலோடு சேர்ந்து அந்த ஊரும் மைசூருக்குப் போயிற்று. 1952-இல் அந்த ஊரில் பிறந்தவன்தான் வீரப்பன். பிறந்தபோது கோயமுத்தூர் மாவட்டத்துக்காரன். நாலு வயது முடிந்தபோது வேறு மாநிலத்துக்காரன்.

தோழர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கன்னடம் பேசும் காஜனூர் வீடு தமிழ்நாட்டில். தமிழ் பேசும் கோபிநத்தத்து வீடு கர்நாடகத்தில். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். 2000 ஜூலை 30 இரவு, இந்த ஊரில் பிறந்தவன் அந்த ஊரில் பிறந்தவரை அவருடைய வீட்டிலிருந்து காட்டுக்குள் கடத்திக்கொண்டு போனான். நூற்றெட்டு நாள், நவம்பர் 15 வரை, அவரைப் பிடித்து வைத்திருந்தான்.

அந்த நூற்றெட்டு நாளின் பாரத்தைச் சுமந்தது யார்? காட்டில் துப்பாக்கி பிடித்தவன் தமிழர்களின் பெயரால் கோரிக்கைகள் வைத்தான். 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு, பெங்களூரில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு, கர்நாடகத்தில் தமிழுக்கு ஆட்சி மொழித் தகுதி என்றெல்லாம் பட்டியல் நீண்டது. இவற்றில் நியாயமான கோரிக்கை இருந்தது என்பதற்காக, முதியவர் ஒருவரைத் தூக்கிப்போனது நியாயமாகிவிடாது. பெங்களூரில் கடைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. கர்நாடகத்தில் தமிழ்ப் படங்கள் நின்றன. கட்டட வேலைக்கும் குவாரி வேலைக்கும் போகிற நம் மக்கள் பேருந்தில் தமிழ் பேசவே தயங்கினார்கள். ஒரு வீட்டில் நடந்த கடத்தல், கர்நாடகத்தில் உள்ள தமிழர் வீடு ஒவ்வொன்றின் கதவையும் தட்டியது. வள்ளுவர் சிலை எப்போது திறந்தது? 2009 ஆகஸ்டு 9 அன்று பெங்களூர் அல்சூரில். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. துப்பாக்கியால் ஆகாதது இரண்டு அரசுகளும் இரண்டு மக்களும் பேசியதால் ஆயிற்று.

கோபிநத்தத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ராஜமுந்திரியிலிருந்து வந்த சீனிவாஸ் என்ற வன அதிகாரி அந்த ஊரில் தங்கி, மக்களுக்கு மருத்துவ உதவி செய்து, மாரியம்மன் கோயிலைக் கட்ட முன்னின்றார். 1991 நவம்பரில் வீரப்பன் அவரைக் கொன்றான். தமிழ் பேசுகிற அந்த ஊர் மக்கள் தெலுங்கு பேசுகிற அந்த அதிகாரியை இன்னமும் மரியாதையோடு நினைக்கிறார்கள். அதே வட்டாரத்தில் அதிரடிப்படையின் கொடுமைக்கு ஆளான மக்களும் இருந்தார்கள். சதாசிவா குழுவின் முன் அவர்கள் வந்து பெயர், ஊர், நாள் சொல்லிச் சாட்சியம் அளித்தார்கள். 2007 சனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு அறிவித்தது. பெயர், ஊர், நாள் என்ற இந்த மூன்றையும் சொல்ல முடிந்தவர்களின் குரல்தான் விசாரணையில் ஏறும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வந்தேறி யார்?

'தமிழர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். நம் சங்கத்துக் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் இரண்டு வகை உண்டு. பிழைப்புத் தேடித் திம்பம் மலை ஏறி, ஆசனூர், புளிஞ்சூர் வழியாக வந்தவர்கள் ஒரு வகை. கல்லுடைக்கவும், கரும்பு வெட்டவும், பட்டுத்தறியில் உட்காரவும் வந்தவர்கள் இவர்கள். இன்னொரு வகை, எங்கேயும் போகாதவர்கள். கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டன் காலத்திலிருந்து இருந்த இடத்திலேயே இருந்தவர்கள். அவர்கள் மாநிலத்துக்கு வரவில்லை. மாநிலம் அவர்களிடம் வந்தது.

கொள்ளேகால் 1799 வரை மைசூர். பிறகு 157 ஆண்டுகள் சென்னை. 1956 முதல் மறுபடி மைசூர். 1973-இல் அது கர்நாடகம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். இப்படிப்பட்ட மண்ணில் யாரைப் பார்த்து யார் 'வந்தேறி' என்று சொல்வது? தாளவாடிக் கன்னடக் குடும்பத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டில் யாராவது அப்படிச் சொன்னால் நமக்கு எவ்வளவு கோபம் வர வேண்டுமோ, அதே கோபம் இங்கேயும் வர வேண்டும். பண்ணாரி அம்மன் குண்டத்துக்குக் கன்னட மக்கள் வருகிறார்கள். மாதேஸ்வரன் மலைக்குச் சேலம், ஈரோடு, தர்மபுரி மக்கள் போகிறார்கள். சாமி எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்பதில்லை.

பிழைக்க வந்த குடும்பத்துக்கும் உரிமை உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளைக் கன்னடப் பள்ளியில் படிக்க வைத்தவனுக்கு இந்த ஊர் சொந்த ஊர்தான். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி மூண்ட கலவரத்தில், பெங்களூரிலும் மைசூர் மாவட்டத்திலும் எத்தனையோ குடும்பங்கள் கட்டிய துணியோடு ஓடின. சாமராஜநகரும் அப்போது மைசூர் மாவட்டம்தான். எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்கப் போகிறவனிடம் 'உன் வீடு எது?' என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டோடு காகிதமும் எரிந்துபோனவன் எதைக் காட்டுவான்?

எப்படித் தேடுவது?

இப்போது வேலைக்கு வருவோம். நான்கு படிகளாகச் சொல்கிறோம்.

முதல் படி, வாய்மொழி. வீட்டில் மூத்தவரிடம், முக்கியமாகப் பாட்டிமாரிடம், உட்கார்ந்து கேளுங்கள். 'எந்த வருஷம் வந்தீங்க?' என்றால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. 'இந்திரா காந்தி செத்தப்போ இங்கதான் இருந்தீங்களா? ராஜ்குமாரைக் கடத்தினப்போ இந்தச் சுவர் இருந்ததா?' என்று கேளுங்கள். உடனே விடை வரும். 1984, 1991, 2000 என்று ஊரறிந்த ஆண்டுகளைக் கட்டுத்தறியாக நட்டு, குடும்பத்துச் சம்பவங்களை அதில் கட்டுங்கள். சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாம் படி, வீட்டையே பாருங்கள். மண் சுவரா, கருங்கல் அடித்தளமா, செங்கல்லா? நாட்டு ஓடா, சீமை ஓடா? மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அந்த வகை ஓடுகளின் அடியில் கம்பெனியின் பெயர் பதிந்திருக்கும். அப்படி ஓர் ஓடு கிடைத்தால், அந்தக் கூரை 1865-க்கு முந்தியது அல்ல என்பது நிச்சயம். ஆனால் கூரை மாற்றிய வீடுகள் உண்டு. ஆகவே சுவரின் வயதும் கூரையின் வயதும் ஒன்று என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாம் படி, கையில் உள்ள காகிதம். கந்தாய ரசீது, வீட்டு வரி ரசீது, மின்கட்டணச் சீட்டு, ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைச் சான்று, வாக்காளர் பட்டியல் என்று எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வரி ரசீது வீட்டுக்கு உடைமை தராது. நீங்கள் அந்த நாளில் அங்கே இருந்தீர்கள் என்று மட்டும் சொல்லும். ஆனால் அந்தச் சாட்சி சிறியதல்ல. அரசு நிலத்தில் குடியிருப்போரின் வீட்டை முறைப்படுத்தக் கர்நாடக நிலவருவாய்ச் சட்டத்தில் 94-சி என்ற பிரிவு இருக்கிறது. குறித்த நாளுக்கு முன்பே அங்கே வீடு இருந்தது என்று காட்டினால்தான் ஹக்குப் பத்திரம் பற்றிய பேச்சே எழும். ஒரு பழைய மின்கட்டணச் சீட்டு அங்கே கைகொடுக்கும்.

நான்காம் படி, அலுவலகத்தில் உள்ள காகிதம். கிராமமானால் பஞ்சாயத்தின் வீட்டு வரிப் பதிவேடு, நகரமானால் நகராட்சியின் காத்தா, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, தாலுகா அலுவலகத்தில் பஹணி. கொடுக்க மறுத்தால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப்போடலாம். கொள்ளேகால் பக்கத்துக் குடும்பங்கள் 1956-க்கு முந்தைய கதையைத் தேடும்போது, பெங்களூர், மைசூரோடு நிற்கக்கூடாது. அந்தக் காலத்தில் மாவட்டம் கோயமுத்தூர், தலைநகரம் சென்னை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் வரை அந்தத் தேடல் போகலாம்.

கடைசியாகப் பெயர் விஷயம். நாம் இனிஷியலில் தகப்பன் பெயரை மட்டும் வைக்கிறோம். இங்கே பலர் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைக்கிறார்கள். எழுதுகிறவர் ஒரு காகிதத்தில் தகப்பன் பெயரை முன்னால் எழுதுவார், மற்றொன்றில் பின்னால் எழுதுவார், மூன்றாவதில் விட்டே விடுவார். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவான். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, 2002, 2005 ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று மக்கள் தேடி அலைந்தார்கள். எழுத்து மாறிக் கிடந்தால் எவ்வளவு தொல்லை என்று ஊரிலுள்ள உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இதற்காகப் பெரிய பணம் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் வீடு இருக்கும் இடமும் அதன் பழைய முகவரிகளும். அடுத்து, யார் யார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே குடியிருந்தார்கள் என்ற வரிசை. பிறகு காகிதங்களின் பட்டியல். வாடகை வீடாக இருந்தாலும், குவாரி லயனாக இருந்தாலும், தகரக் கொட்டகையாக இருந்தாலும் எழுதுங்கள். சொந்த வீட்டுக்காரனுக்குப் பத்திரம் பேசும். நமக்கு நோட்டுதான் பேச வேண்டும். காகிதங்களை ஒரு நகல் எடுத்து, ஊரிலுள்ள உறவினர் வீட்டில் தனியே வையுங்கள். ஓட வேண்டிய நாள் இனி வரவே கூடாது. வந்துவிட்டால், வீட்டோடு வரலாறும் எரியக்கூடாது.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். பஞ்சாயத்துப் பதிவேட்டை உங்களால்தான் வாசிக்க முடியும். தமிழில் பாட்டி சொல்வதையும் கன்னடத்தில் கிராமக் கணக்கு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய தலைமுறை நீங்களே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் கேட்டால் அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். அவர்களிலும் நம்மைப் போல் காகிதம் இல்லாத ஏழைகள் ஏராளம்.

ஜனன மண்டபத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். காஜனூர் வீட்டை இரண்டு மாநில மக்களும் நினைவில் வைத்திருப்பார்கள். நம்முடைய வீடுகளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் அந்த நோட்டோடு வர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறோம்.